வேண்டாமென்று சொன்ன அறை

எங்கள் பேருந்து பல்லடத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போதே நின்றுவிட்டது. முன்பக்கமிருந்து ஆவி எழுந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் சித்த எறங்குங்க. வண்டி சூடாகிப்போச்சுங்க" என்றார் நடத்துநர்.

"எங்களுக்குந்தான் சூடாகிப்போச்சு. எங்களுக்கு ஆரு தண்ணி ஊத்தறது?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். யாருக்கும் சிரிக்கத் தெம்பு இல்லை. மே மாதம், காலை பத்து மணி. சாலை ஓரத்தில் ஒதுங்க நிழல் இல்லை. காற்று வீசினால் கோழிப்பண்ணை வாடை வந்தது, வீசாவிட்டால் வெயில் வந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோயமுத்தூரில் நான் இதற்கு முன் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போனால் அன்று சாயங்காலமே காங்கேயம் திரும்பிவிடுவேன். அங்கிருந்து எங்கள் ஊருக்கு அரை மணி நேரம். இந்தத் தடவை போனது என் தம்பி மகள் சங்கவிக்குத் துணையாக. அவள் அரசுக் கல்லூரியில் பிசிக்ஸ் இரண்டாம் வருடம் முடித்திருக்கிறாள். கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் போய் வேலை பழக அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் கல்லூரியில் அந்த இடம் கிடைத்தது அவள் ஒருத்திக்குத்தான்.

தம்பி கொப்பரைக் களத்தில் மேஸ்திரி. கோடையில் ஒரு நாள்கூட அவனால் நகர முடியாது. "அக்கா கூடப் போனா அனுப்பறேன். அங்கயே உள்ளாற ரூம் குடுத்தாத்தான் தங்கணும். வெளிய ஆரோ ஊட்டுல தங்கறது வேண்டாம்" என்றான். பிறகு சங்கவி கேட்கும்படியே சொன்னான்: "இது சரிப்பட்டு வந்தா எம்.எஸ்சி. சேத்தறேன். இல்லீன்னா படிப்பு முடிஞ்சதும் பி.எட். போட்டுடலாம், பாத்துக்க." பி.எட். என்றால் பிள்ளை உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அதற்குள் ஒரு மாப்பிள்ளை. அவன் கணக்கு அது. தப்பென்றும் சொல்ல முடியாது.

சாலை ஓரத்தில் எங்களோடு நின்ற ஓர் அம்மா மடியில் இருந்த வேகவைத்த கடலையை நீட்டினார். வேண்டாங்க என்றேன். "அட, எடுங்க." பசியில்லைங்க என்றேன். "ஒரு கை எடுத்தாக் கொறஞ்சா போயிரும்?" என்று மூன்றாவது தடவை நீட்டியதும் வாங்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. நீட்டியதும் கையை நீட்டினால் வயிற்றுக்கில்லாத வீட்டுப் பிள்ளை என்பார்கள். கொடுப்பவருக்கும் இது தெரியும், அதனால் திரும்பக் கேட்பார்கள். கேட்காவிட்டால், பேச்சுக்குச் சொன்னார்கள் என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

"புள்ளை என்னங்க படிக்குது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பிசிக்ஸுங்க" என்றாள் சங்கவி.

"அது படிச்சா என்ன உத்தியோகமுங்க கண்ணு?"

"நெறைய இருக்குதுங்க" என்றாள். அந்த அம்மா கடலைத் தோலை உதறிவிட்டு, "எங்க பக்கத்து ஊட்டுப் பையனும் அதான் படிச்சான். செல்போன் கடைல இருக்கறான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சங்கவியின் முகம் மட்டும் சின்னதாகிவிட்டது.

வேறு வண்டி மாறி சிங்காநல்லூரில் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதால் என் பெரியப்பா மகள் சரசு வீட்டில் ஓர் இராத் தங்கினோம். இரண்டு அறை வீடு. மாமனார் கட்டிலில் படுத்த படுக்கை. சரசு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் ஊற்றி, அப்பளம் பொரித்து வைத்தாள். அவள் வீட்டுக்காரர் மோட்டார் கம்பெனியில் வேலை. சாப்பிட்டுக்கொண்டே சங்கவியிடம் சொன்னார்: "எங்க டெஸ்டிங் செக்சன்ல ஆள் எடுக்கறாங்க கண்ணு. ஆனா டிப்ளமோ படிச்சவனத்தான் கேக்கறாங்க. பிசிக்ஸ்னா என்ன பண்ணத் தெரியும்னு எங்க மேனேஜருக்கே தெரியாது."

சரசு தட்டை எடுத்துக்கொண்டே, "ஆறு வாரந்தானேங்க அக்கா, ரூம் கெடைக்கலீன்னா இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

"உனக்கு எதுக்குச் சாமி செரமம்" என்றேன்.

அவள் தட்டுகளோடு உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து மாமனாரின் மருந்தைப் பற்றிப் பேசினாள். நான் புரிந்துகொண்டேன்.

மறுநாள் இரண்டு டவுன் பஸ் மாறிப் போனோம். நிலையம் ஊருக்கு மேற்கே, மலை கிட்டத்தில் தெரிகிற இடத்தில் இருக்கிறது. வாசலில் காவல்காரர் என்னிடம் கையெழுத்துக் கேட்டார். எழுதுவதற்கு எனக்குப் பயமில்லை. பேசுவதற்குத்தான். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

உள்ளே ஆய்வகத்தை நடத்துகிற மேடம் ஐதராபாத் பக்கத்துக்காரர். ஆங்கிலத்தில் பேசினார், சங்கவி எனக்குத் தமிழில் சொன்னாள். பெரிய அண்டாவைக் கவிழ்த்தது போல ஓர் எஃகுக் கலம் இருந்தது. அதன் அடியில் பம்பு. எங்கள் ஊரில் பம்பு என்றால் தண்ணீர் எடுப்பது. இது காற்றை எடுப்பது. கலத்துக்குள் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்ச ஏழு மணி நேரம் ஆகுமாம். அளவு காட்டும் முள் ஒரு கோட்டைத் தொட்டதும் உள்ளே உலோகத்தைச் சூடாக்கி, ஆவியை ஒரு சின்னக் கண்ணாடித் துண்டில் படிய விடுவார்கள். அதற்கு இன்னும் மூன்று மணி நேரம். அந்தப் பூச்சு தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காதாம். இதையெல்லாம் சொல்லும்போது சங்கவியின் குரல் வேறாக இருந்தது. அவள் கல்லூரியில் நாற்பது பேருக்கு ஒரு கருவி, அதிலும் பாதி நாள் பழுது.

"இங்கே வந்துபோன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று உங்கள் அத்தை கேட்க நினைக்கிறார்" என்றார் மேடம். நான் கேட்கவில்லை, ஆனால் என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ. ஒருத்தி புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர் கொடுக்கிற அளவைக் கணக்குப் போடுகிறாளாம். ஒருவன் சூரிய ஒளித் தகடு செய்கிற கம்பெனியில். ஒருத்தி பாங்கில். ஒருத்தி வெளிநாட்டில் இன்னும் படிக்கிறாள். இரண்டு பேர் வாத்தியார். "நல்ல இடத்தில் எம்.எஸ்சி. கிடைத்தால்தான் இதெல்லாம். அதற்கு, இவள் கருவியில் தானே வேலை செய்தாள் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தால் நான் எழுதுவேன்" என்றார். இதைத் தமிழில் சொல்லிவிட்டு சங்கவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிள்ளைகளை ஆய்வகத்தில் வைத்துக்கொண்டு, கூட வந்தவர்களை விடுதி அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அறை விஷயத்தைப் பெரியவர்கள்தான் பேச வேண்டுமாம். அங்கே மேசைக்குப் பின்னால் விடுதிப் பொறுப்பாளர் அம்மா இருந்தார். சென்னைப் பேச்சு. எனக்குப் பின்னால் மதுரையிலிருந்து ஓர் அம்மா, அவர் மகள் அபிநயாவும் இதே வேலைக்கு வந்திருந்தாள்.

பொறுப்பாளர் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "பெண்கள் பக்கத்துல ஒரே ஒரு ரூம்தான் மிச்சம் இருக்கு. உங்க பொண்ணுக்கு வேணுமாம்மா?" என்று கேட்டார்.

ஆமாங்க என்று சொல்வதற்குத்தான் நான் வந்தேன். இரண்டு பேருந்தும் வெயிலும் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குத்தான். ஆனால் கேட்டவுடன் வேணுமுங்க என்று சொல்ல என் நாக்கு பழகவில்லை. அதுவும் ஒன்றே ஒன்று மிச்சம் என்கிறார், பின்னால் இன்னொருவர் நிற்கிறார்.

"உங்களுக்கு எதுக்குங்க செரமம்" என்றேன். "இருக்கற புள்ளைகளுக்குக் குடுங்க. நாங்க எப்படியோ பாத்துக்கறோமுங்க."

சொல்லிவிட்டு, அடுத்த தடவை கேட்பார் என்று நின்றேன். இரண்டாவது தடவைக்கு என்ன சொல்வது என்றுகூட மனசில் வைத்திருந்தேன். பொறுப்பாளர், "அப்படியா, நல்லது" என்று நோட்டில் ஒரு கோடு போட்டார். எனக்குப் பின்னால் இருந்த அம்மா ஒரே எட்டில் மேசைக்கு வந்துவிட்டார்.

"எங்களுக்கு வேணும்ங்க. கட்டாயம் வேணும். மதுரையிலருந்து வந்துருக்கோம், பிள்ளைய எங்கிட்டு விட்டுட்டுப் போறது?"

சாவி அவர் கைக்குப் போனது. அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை. தேவை என்றால் தேவை என்று சொன்னார், அவ்வளவுதான். நான் சுவரோரம் நகர்ந்து நின்றேன். பொறுப்பாளர் நிமிர்ந்து, "வேற ஏதாவதா?" என்றார். "இல்லீங்க" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

மதியம் கேண்டீனில் சங்கவி வந்தாள். சப்பாத்தியும் சிவப்புப் பயறுக் குழம்பும். எங்கள் தட்டப்பயறு போல இருக்கும் என்று வாயில் வைத்தேன், இனிப்பும் இல்லை காரமும் இல்லை. அடுத்த மேசையில் இரண்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்றாங்க என்றேன். "மூணு வருசமா ஒரே சோதனைய செஞ்சும் ஒண்ணும் வரலைன்னு ஒருத்தர் சொல்றாருங்க. வராதுன்னு கண்டுபுடிச்சதும் கண்டுபுடிப்புதான்னு இன்னொருத்தர் கிண்டல் பண்றாருங்க" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும், "ரூம் எந்த மாடிங்க அத்தை?" என்றாள்.

"ரூம் இல்லைன்னுட்டாங்க கண்ணு" என்றேன்.

அவள் சப்பாத்தியைக் கிள்ளியபடியே இருந்தாள். "செரிங்க" என்றாள்.

சரசு வீட்டுக்குத் திரும்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேராக ஊர் வந்தோம். அறை இல்லை என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு தம்பி, "போய்ட்டுப் போய்ட்டு வரட்டும், நீயும் கூடப் போயிட்டு வா, முடியற வரைக்கும் பாப்போம்" என்றான்.

அடுத்த நாளிலிருந்து ஐந்து மணிக்கு எழவில்லை, ஐந்து மணிக்கே வண்டி ஏறினோம். எங்கள் ஊரில் டவுன் பஸ், காங்கேயத்தில் ஒன்று, சிங்காநல்லூரில் ஒன்று, காந்திபுரத்தில் இன்னொன்று. ஆய்வகத்துக்குள் சங்கவி நுழையும்போது ஒன்பதாகிவிடும். நான் வெளியே புங்க மரத்தடியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கட்டிக்கொண்டு வந்த தயிர்ச்சோற்றை மதியம் இரண்டு பேரும் சாப்பிடுவோம். அவள் கையில் ஒரு வாடை அடிக்கும். அந்தப் பம்பு எண்ணெய்.

"எவ்வளவு காத்து போயிருக்குது?" என்று நான் கேட்பேன்.

"பாதிதானுங்க அத்தை."

ஏழு மணி நேரம் என்றால் நாலு மணி. நாலு மணிக்கு நாங்கள் கிளம்பினால்தான் காங்கேயத்திலிருந்து ஊருக்குக் கடைசி வண்டி பிடிக்க முடியும். முள் கோட்டைத் தொடுகிற நேரத்தில் அவள் ஆய்வகத்தில் போட்டுக்கொள்ளும் கோட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வருவாள். ஆள் இல்லாமல் கருவியை ஓட விடக்கூடாது என்பது அங்கே விதி. அதனால் நிறுத்திவிடுவார்கள், காற்று திரும்ப உள்ளே போய்விடும். மறுநாள் முதலிலிருந்து. மூன்று நாள் இப்படியே. ஒருநாள் அவள் ஐந்து நிமிடம் தாமதமாக ஓடி வந்தாள். "தொட்டுருச்சுங்க அத்தை, பாத்தேன்" என்றாள். அன்று காந்திபுரத்தில் வண்டி போய்விட்டது. காங்கேயம் வரும்போது ஊருக்குக் கடைசி வண்டியும் இல்லை, தம்பி தன் வண்டியில் வந்து அழைத்துப்போனான்.

நான்காம் நாள் பேருந்தில் சங்கவி கம்பியில் தலையை வைத்தபடியே தூங்கிவிட்டாள். நெற்றியில் கம்பியின் தடம் பதிந்திருந்தது. எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்த பையன், "அக்கா காலேஜா?" என்று என்னைக் கேட்டான். ஆமாங்க என்றேன். பிசிக்ஸ் என்று சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் அவள் சாப்பிட வரும்போது கையில் கணக்கு நோட்டு இருந்தது. மேடம் கருவியை அபிநயாவிடம் கொடுத்துவிட்டாராம். விடுதியில் இருக்கிற பிள்ளை என்பதால் அவளால் ஏழு மணிவரை இருக்க முடியும். சங்கவி பழைய அளவுகளைப் பார்த்து எழுதினால் போதும். மேடம் திட்டவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னாராம். "அவங்க சொல்றதும் செரிதானுங்களே" என்றாள் சங்கவி.

மூன்றரை மணி வாக்கில் அபிநயா மரத்தடிக்கு ஓடி வந்தாள். முந்தின நாள் நாங்கள் கிளம்பிய பிறகு அவளே இருந்து ஒரு கண்ணாடியைப் பூசி முடித்திருக்கிறாள். விரல் நகம் இரண்டைச் சேர்த்த அளவு. ஓரத்தில் மட்டும் பிடித்து சங்கவியிடம் கொடுத்தாள். சங்கவியும் ஓரத்தில் மட்டும் பிடித்து வெயிலில் சாய்த்தாள். அவள் கண்ணும் ஒரு மரக்கிளையும் அதில் தெரிந்தன. "சூப்பரா வந்துருக்குப்பா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும்.

அபிநயா என் பக்கம் திரும்பினாள். "அம்மா உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க பாட்டி. நீங்க அன்னைக்கு ரூம் வேணாம்னு விட்டுக் குடுத்ததுனாலதான் எனக்குக் கெடச்சுச்சாம். போன்ல தெனமும் சொல்றாங்க."

நான் தயிர்ச்சோற்றுப் பாத்திரத்தைப் பையில் வைத்தேன். சங்கவி கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, "நேரமாச்சுங்க அத்தை" என்றாள்.

சிங்காநல்லூரில் வண்டி ஏறினோம். சூலூர் தாண்டியதும் அவள் சன்னலைப் பார்த்தபடியே, "எதுக்குங்க அத்தை?" என்றாள்.

"மறுக்காக் கேப்பாங்கன்னு இருந்தேன் கண்ணு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டினால்கூட நல்லது என்று நினைத்தேன். அவள் சொன்னது இது:

"மேடம் ரெண்டாம் நாளே எங்கிட்டக் கேட்டாங்க. ரூம்ல ஏதாச்சும் பிரச்சினையா, டைரக்டர்கிட்ட நான் பேசட்டுமான்னு. பரவாயில்லைங்க மேடம்னு சொல்லிப்போட்டேன். அவங்களும் மறுபடி கேக்கலைங்க."

பல்லடத்தில் வண்டி நின்றது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். "நாளைக்கு லேப் கோட்டைக் குடுத்துட்டு வந்தறலாங்க அத்தை" என்றாள் சங்கவி.

ஆறாம் நாள் கோட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுபோனோம். சங்கவி அதைக் கொடுக்க உள்ளே போனபோது நான் மேடத்தின் அறை வாசலில் போய் நின்றேன். என் வாழ்நாளில் அதிகாரி ஒருவரிடம் நானாகப் போய் நின்றது அன்றுதான். மேடம் தடவித் தடவித் தமிழில், "சொல்லுங்கம்மா" என்றார்.

"புள்ளைக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க" என்றேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

மேடம் எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். "நான் பார்த்ததுதான் எழுத முடியும் அம்மா. ஐந்து நாள்தான் பார்த்தேன்."

"அதையே எழுதுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான், என்ன எழுதியிருக்குது என்று. ஆங்கிலக் கடிதம். சங்கவி படித்துத் தமிழில் சொன்னாள். "இந்த மாணவி ஐந்து நாள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தாள். கருவியைக் கவனமாகக் கையாண்டாள். நல்ல கேள்விகள் கேட்டாள். வீடு தொலைவில் இருந்த காரணத்தால் தொடர முடியவில்லை." அவ்வளவுதான். நாலு வரி.

தம்பி தலையாட்டினான். "செரியாத்தான் எழுதியிருக்கறாங்க. தொலைவுதானே. நாம என்ன பண்ண முடியும்?"

"ஆமாங்கப்பா" என்றாள் சங்கவி. கடிதத்தை இரண்டாக மடித்தாள்.

தம்பிக்கு என்னைப் போலக் கூச்சமில்லை. சரசு இருக்கட்டும் என்றதையும் அறையை நான் வேண்டாமென்றதையும் சொல்லியிருந்தால் அங்கேயே போனை எடுத்து, "சரசு, புள்ளை உன்ற ஊட்டுல இருக்கட்டும்" என்று கேட்டிருப்பான். அவளும் தட்டியிருக்க மாட்டாள். மேடத்திடமே நேரில் போய்ப் பேசியிருப்பான். எல்லாம் எனக்குத் தெரியும். சங்கவிக்கும் தெரியும். அவன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், வேறு ஏதாவது உண்டா என்பது போல.

"காப்பி வெக்கட்டுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு நான் எழுந்து உள்ளே போனேன். ஆறு வாரத்தில் அப்போது இன்னும் ஐந்து வாரம் மீதி இருந்தது.